தட்டுக்கழிக்கு அப்பால்: பரதநாட்டிய வகுப்பு நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவரைக் கேள்வி கேட்க மருத்துவ மன்றம் இருக்கிறது, வழக்கறிஞரைக் கேள்வி கேட்க பார் கவுன்சில் இருக்கிறது. நாட்டிய ஆசிரியரைக் கேட்க அப்படி எதுவும் கிடையாது. ஒரு கூடமும், தாளம் தட்டும் தட்டுக்கழியும், அதைத் தட்டுகிற மரப்பலகையான தட்டுமணையும் இருந்தால் விஜயதசமியன்று வகுப்பைத் தொடங்கிவிடலாம். பெற்றோர் ஆறு வயதுப் பிள்ளையை அழைத்துவந்து, தாம்பூலத் தட்டை நீட்டி, "இனி உங்கள் பொறுப்பு, அடித்தாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சொல்லில் கிடைக்கும் அதிகாரம் பள்ளி ஆசிரியருக்குக்கூட இல்லை. கேட்பாரில்லாத அதிகாரம் நல்லவர் கையிலும் கெட்டுப்போகும்.

1936-ல் ருக்மிணி தேவி சென்னையில் தொடங்கிய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவியர் பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு போராட்டத்தில் இறங்கினார்கள். மாநில மகளிர் ஆணையம் விசாரிக்க வந்தது, காவல்துறை வழக்குப் பதிந்தது. விதிகளும் குழுக்களும் உள்ள நிறுவனத்திலேயே விஷயம் போராட்டம் வரை போனது என்றால், மூன்றாவது தெருவில் மொட்டை மாடியில் நடக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அந்த மொட்டை மாடி வகுப்பை நடத்துகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து யாரும் விதி போடாத தொழிலில், நமக்கு நாமே விதி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் சிக்கல் வருவதற்கு முன்பே.

படி 1: உங்களைப் பற்றிய கணக்கை நேராக வையுங்கள்

யாரிடம் கற்றீர்கள், எந்தப் பாணி, எதுவரை கற்றீர்கள் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். பந்தநல்லூர் பாணியில் ஆரம்பித்து, வழுவூரில் கொஞ்சம் பார்த்து, பிறகு கலாக்ஷேத்ரா வழியில் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீண்ட, கடினமான உருப்படியான வர்ணத்தில் ஒன்றைக்கூட முழுதாக மேடையில் ஆடாதவர் மாணவிக்கு வர்ணம் சொல்லிக்கொடுப்பதுதான் சங்கடம். அந்தக் கட்டம் வரும்போது, "இதற்கு மேல் இன்னாரிடம் போ" என்று அனுப்பத் தெரிந்தவரே பொறுப்பான ஆசிரியர். ஜதி சொல்லித் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் பழகாதவர் ஒலிப்பதிவை வைத்தே வகுப்பு நடத்துகிறார் என்றால், பெற்றோருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டினால் பொன்னாடையும் கேடயமும் தருகிற விருது விழாக்கள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. 'உலக சாதனை' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்துச் சான்றிதழ் கொடுப்பதும் நடக்கிறது. வெயிலில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அதனால் ஓர் அடவுகூட (அடிப்படை ஆட்ட அசைவு) திருந்தப்போவதில்லை. அப்படிப்பட்ட அழைப்பு வந்தால், யார் நடத்துகிறார்கள், பணம் எங்கே போகிறது, தரையும் தண்ணீரும் கழிப்பறையும் எப்படி என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் கேள்விக்கே நேரான பதில் வராது.

படி 2: ஒரே தாளில் விதிகள்

வகுப்பில் சேரும் நாளிலேயே பெற்றோர் கையில் ஒரு தாள் கொடுங்கள். தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல். மாதக் கட்டணம் எவ்வளவு, ஆசிரியர் விடுப்பு எடுத்தால் ஈடுவகுப்பு உண்டா, மாணவி ஒரு மாதம் வராவிட்டால் கட்டணம் என்ன, பிள்ளையை யார் வந்து அழைத்துப்போகலாம், படம் எடுப்பது பற்றிய முடிவு என்ன, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது.

கடைசி வரிதான் பலருக்குக் கசக்கும். புகார் ஆசிரியர் மீதே என்றால் ஆசிரியரிடமே போய்ச் சொல்ல முடியாது. எனவே வகுப்பின் வருமானத்தில் பங்கில்லாத ஒருவரின் பெயரையும் எண்ணையும் அவர் சம்மதத்தோடு போடுங்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, குடும்ப மருத்துவர், மாணவியரின் பெற்றோரில் மற்றவர்கள் நம்பும் ஒருவர் என யாராகவும் இருக்கலாம். உங்கள் கணவரோ தங்கையோ வேண்டாம். சிறுவர்களுக்கான உதவி எண் 1098-ஐயும் அதே தாளிலும், கூடத்துச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்திலும் எழுதி வையுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு, ஒவ்வாமை பற்றிக் கேட்டு வாங்குங்கள். சலங்கை கட்டிய பிறகு மூச்சுத் திணறும்போதுதான் 'இவளுக்கு வீசிங் உண்டு' என்று தெரியவருவது அடிக்கடி நடக்கிறது.

படி 3: தரையும் முட்டியும்

நம் கலை பாதத்தைத் தரையில் அறைகிற கலை. அந்தத் தரை இன்றைக்குப் பெரும்பாலும் சிமென்ட், டைல்ஸ் அல்லது கிரானைட். இவை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. தட்டும் வேகம் அப்படியே கணுக்காலுக்கும் முழங்கால் எலும்புக்கும் முதுகுக்கும் திரும்பி வரும். அடியில் காற்றிடைவெளி விட்டு அமைத்த மரத்தளம்தான் சிறந்தது. வாடகை வீட்டில் அது முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாதபோது குதிக்கும் அடவுகளைக் குறைப்பதும், ஒரே அடவை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) அடுக்கடுக்காகச் செய்யவிடாமல் நடுவே முகத்தாலும் கையாலும் பொருள் காட்டும் அபிநயமோ தாளப் பயிற்சியோ வைப்பதும் கையில் இருக்கும் வழிகள். மெத்தென்ற விரிப்புகளில் பாதம் புதைந்து கணுக்கால் பிரளக்கூடும். வழுக்கும் ஜமுக்காளம் அதைவிட மோசம்.

முட்டிகளைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமரும் அரைமண்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுதல் நடப்பது அங்கேதான். கால்கள் பக்கவாட்டில் திறப்பது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எலும்பின் அமைப்பிலேயே அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டி ஆசிரியர் அதட்டினால், பிள்ளை பாதங்களை மட்டும் முழுதாகத் திருப்பிவிட்டு முட்டியை முன்னால் விட்டுவிடும். பார்வைக்குப் பாதம் நேர்கோட்டில் இருக்கும். முட்டியோ முறுக்கேறி நிற்கும். உள் வளைவு சரிந்து பாதம் தட்டையாகிவிடும்.

சோதிப்பது எளிது. அரைமண்டியில் நிற்கும் மாணவியின் முன்னால் போய் நில்லுங்கள். முட்டியின் நடுப்பகுதி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே இருக்கிறதா? முட்டி உள்ளே விழுந்தால் பாதத்தைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்கள். 'கோணம் போய்விட்டதே' என்று தோன்றும். போகட்டும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெறும்போது கோணம் தானாக விரியும், எலும்பு அனுமதிக்கும் அளவுக்கு. தொடையின் மீது கை வைத்து அழுத்துவதையும், முதுகில் உட்கார்ந்து இடுப்பைத் திறப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் முதல் பத்து நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். தொடக்க வணக்கமாகத் தட்டிக்கும்பிட்டவுடன் தட்டடவு மூன்றாம் காலம் என்று போவது பழக்கமாகிவிட்டது. பத்து முதல் பதினான்கு வயதுக்குள் பிள்ளைகள் திடீரென்று வளரும் மாதங்கள் உண்டு. எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்னால் வரும். நேற்று சரியாக நின்றவள் இன்று தடுமாறுவாள், முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்பாள். சோம்பல் என்று திட்டாமல், முழுதாகக் கீழே அமரும் முழுமண்டியையும் குதிப்பதையும் குறையுங்கள்.

வலியில் இரண்டு வகை உண்டு. பயிற்சிக்கு மறுநாள் தொடை முழுவதும் பரவலாக இருக்கும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல், தட்டும்போதெல்லாம் கூடுகிற வலி வேறு. எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். 'ஆட ஆடச் சரியாகிவிடும்' என்ற வைத்தியம் வேண்டாம். ஓய்வில் இருக்கும் மாணவி உட்கார்ந்தபடியே தாளச் சொற்களான சொல்லுக்கட்டு சொல்லலாம், தாளம் போடலாம். வகுப்பிலிருந்து விலக்கப்பட்ட உணர்வும் வராது.

மாதவிடாய் நாளில் ஆடலாமா கூடாதா என்பது மாணவியின் முடிவு. காரணம் கேட்காமல் ஓரமாக உட்கார இடம் கொடுங்கள். சாமி படம் இருக்கும் கூடம் என்பதால் வரக்கூடாது என்று சொல்வீர்களானால், அதைச் சேர்க்கைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், விதியையே மறுபடி யோசிக்கலாம்.

படி 4: கை, கழி, நாக்கு

தட்டுக்கழி தட்டுமணைக்கு உரியது. மாணவியை நோக்கிப் பறக்கும் கழியைப் பற்றிய கதைகளை அந்தக் கால குருமார்களின் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அடி வாங்கியும் பெரிய கலைஞரானவர்கள் அதைச் சொல்கிறார்கள். அடி தாங்காமல் போனவர்களைப் பேட்டி எடுக்க யாரும் போகவில்லை. சட்டமும் மாறிவிட்டது. பள்ளிகளில் உடல்தண்டனையை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதைத் தாக்குவதும் தேவையில்லாமல் துன்புறுத்துவதும் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவின்படி குற்றம். 'அடித்தாலும் சரி' என்று பெற்றோர் கொடுத்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

தொட்டுத் திருத்துவது வேறு விஷயம். கை வைக்காமல் நாட்டியம் சொல்லிக்கொடுக்க முடியாது என்று பலர் வாதிடுகிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். முதலில் வாயால் சொல்லுங்கள்: "முழங்கையை உயர்த்து, மணிக்கட்டைத் தளர்த்தாதே." அடுத்து நீங்கள் செய்து காட்டுங்கள், தவறான நிலையையும் சரியான நிலையையும் பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது கண்ணாடி. இத்தனைக்குப் பிறகும் புரியவில்லை என்றால், "முழங்கையைத் தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தலையசைத்த பிறகு, இரண்டு விரலால், எல்லோர் கண்ணெதிரே. இடுப்பு, தொடை, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் கை போகவே கூடாது. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நாட்டாரம்பத்தில் தோள் எழும்பினால் மாணவியே தன் கையைத் தோளில் வைத்து உணரச் செய்யலாம். ஆறு வயதுப் பிள்ளையிடமும் கேட்க வேண்டுமா என்றால், அவளிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும். தன்னைத் தொடுவதற்குப் பெரியவர்கள் அனுமதி கேட்பார்கள் என்பதை அவள் கற்றுக்கொள்ளும் முதல் இடமாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தனி வகுப்பு எடுக்க நேர்ந்தால் கதவு திறந்திருக்கட்டும், பெற்றோரில் ஒருவர் உள்ளே உட்காரட்டும். ஆண் ஆசிரியருக்கு மட்டும் உரிய விதி அல்ல இது. பெண் ஆசிரியர்களுக்கும் இதே விதி, ஆண் மாணவர்களுக்கும் இதே பாதுகாப்பு.

நாக்கு கழியைவிட நீளமானது. "இந்த உடம்பை வைத்துக்கொண்டு மேடையேறப் போகிறாயா", "கறுப்பாக இருக்கிறாள், பின்வரிசையில் நிறுத்து" என்கிற பேச்சுகள் நம் கூடங்களில் வெகு சாதாரணமாகப் புழங்குகின்றன. பன்னிரண்டு வயதில் கேட்ட ஒரு சொல்லால் சாப்பாட்டைக் குறைத்து, ஒத்திகையில் மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம், மூச்சும் வலுவும் பற்றிப் பேசுங்கள். நிறத்தை மாற்றுவதற்காக இரண்டு சுற்று வெளிறிய பூச்சுப் போடுகிற ஒப்பனைக்காரரிடம், அவரவர் நிறத்துக்கே பூசச் சொல்லுங்கள். பையன்களை 'பெண்மாதிரி ஆடுகிறான்' என்று மற்றவர்கள் சீண்டும்போது நீங்கள் சிரித்துவிட்டால், அடுத்த மாதம் அவன் வரமாட்டான். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை கற்பூர ஆரத்தி எடுக்க விரும்பாவிட்டால் வணக்கத்தோடு விட்டுவிடலாம். பூமியைத் தொட்டு வணங்குவதன் பொருளைச் சொல்லிவிட்டு முடிவை அந்தக் குடும்பத்திடம் விடுங்கள்.

படி 5: ஒரு பிள்ளை வந்து சொன்னால்

நாட்டிய வகுப்பில் சொல்லப்படும் கொடுமை வகுப்பில் நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில், பள்ளியில், வேன் ஓட்டுநரிடம் நடந்ததையும் பிள்ளைகள் தமக்குப் பிடித்த ஆசிரியரிடமே சொல்வார்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை.

பிள்ளை பேசும்போது குறுக்கிடாதீர்கள், 'நிஜமாகவா' என்று கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியாக வேண்டும். "நீ சொன்னது நல்லது, உன் தப்பு எதுவும் இல்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் பேசுகிறேன்" என்பது போதும். அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியோடு குறித்து வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுச் சமரசம் பேசுவதும் அல்ல. பெயரை மற்ற பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் உதவி ஆசிரியர்கள், வாத்தியக்காரர்கள், அலுவலர்கள் என்று பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் இருக்கும் இடத்துப் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம்.

படி 6: எந்த வயதில் எந்தப் பதம்

தலைவனுக்காக ஏங்கும் நாயகியைப் பத்து வயதுச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. போட்டி மேடைகளில் அந்தச் சிறுமி உதட்டைக் கடித்துக் கண்ணைச் செருகுவாள், உணர்ச்சியை முகத்தில் காட்டும் 'பாவம்' நன்றாக வருகிறது என்று நடுவர்கள் சொல்வார்கள். பாவம் வரவில்லை, ஆசிரியரின் முகத்தை அவள் நகலெடுக்கிறாள். பரதநாட்டிய உருப்படிகளின் வரிசையான மார்க்கத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பொருத்தமான அபிநயத்துக்குப் பஞ்சமில்லை: கண்ணன் வெண்ணெய் திருடுவது, யசோதையின் கோபம், முருகனின் பிணக்கு. காதலைப் பாடும் சிருங்காரப் பதங்களும் ஜாவளிகளும் பொருள் புரிந்து கேள்வி கேட்கும் வயது வரட்டும் என்று காத்திருக்கலாம்.

வளர்ந்த மாணவிக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கும்போது, அவை யாருடைய கலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவதாசிக் குடும்பங்களும் இசை வேளாள நட்டுவனார்களும் காத்துவந்தது இது. அவர்கள் பெயரை விழுங்கிவிட்டு 'ரிஷிகள் தந்த கலை' என்று மட்டும் சொல்வது பாடத்தைத் திரித்துச் சொல்வதாகும்.

படி 7: பணமும் அரங்கேற்றமும்

கட்டணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். ரசீது கொடுக்கவும் கூச்சப்படாதீர்கள். குரு தட்சிணை என்பது மாணவி மனம் உவந்து கொடுப்பது. 'போன வருஷம் அவர்கள் தங்க வளையல் போட்டார்கள்' என்று நினைவூட்டினால் அதன் பெயர் வேறு.

அரங்கேற்றத்தில்தான் நட்பு முறிகிறது. மண்டப வாடகை, பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், நட்டுவாங்கம், ஒத்திகைக்கு வரும் வாத்தியக்காரர்களின் தொகை, உடை, நகை, ஒப்பனை, ஒலி ஒளி, அழைப்பிதழ், புகைப்படம், சாப்பாடு என ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி ஆறு மாதம் முன்பே பெற்றோரிடம் கொடுங்கள். எது கட்டாயம், எதை விட்டுவிடலாம் என்றும் குறியுங்கள். தையல்காரரோ நகைக்கடையோ உங்களுக்குத் தரகு கொடுத்தால், ஒன்று வாங்காதீர்கள், அல்லது அதைச் சொல்லிவிடுங்கள். 'இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும்' என்பது கலைத் தேவை அல்ல.

யார் தயார் என்று முடிவு செய்வது உங்கள் பொறுப்பு, பெற்றோரின் அவசரம் அல்ல. கல்லூரி விண்ணப்பத்துக்காக அடுத்த ஜூனுக்குள் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருவார்கள். வர்ணத்தைத் தளராமல், தாளம் தவறாமல், திரும்ப ஒரு முறை ஆடக்கூடிய தெம்பு மாணவியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜையோடு நிறுத்தி, ஒரு வருடம் தள்ளிப் போடலாம். வசதியில்லாத மாணவிக்குக் கோயில் மண்டபத்திலோ பள்ளிக் கூடத்திலோ இரண்டு வாத்தியத்தோடு அரங்கேற்றம் செய்ய முடியும். அரங்கேற்றமே இல்லாமலும் நல்ல நர்த்தகி உருவாகலாம்.

படி 8: மேடைக்குப் பின்னால்

உடை மாற்றும் அறையில் பெண் பொறுப்பாளர் இருவர் இருக்கட்டும். புகைப்படக்காரர் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஒப்பனைப் பஞ்சையும் கண்மைக் குச்சியையும் பத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஓட்டாதீர்கள், கண்ணில் தொற்று வரும். புதிய பூச்சு என்றால் முந்தைய வாரமே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ராக்கொடியும் குஞ்சலமும் கட்டி மூன்று மணி நேரம் பட்டினியாக உட்காரவைக்கும் வழக்கம் தேவையற்றது. வாழைப்பழமும் தண்ணீரும் போதும். இரவு நிகழ்ச்சி முடிந்தால், பெயர்ப் பட்டியலில் கடைசிப் பிள்ளை வீட்டாரோடு போனதைக் குறித்த பிறகே ஆசிரியர் கிளம்ப வேண்டும்.

படி 9: கைபேசி

பெற்றோர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மட்டும் செய்தி அனுப்புங்கள். சிறுமிக்குத் தனியாக, அதுவும் இரவில், எதையும் அனுப்ப வேண்டியதில்லை. இணைய வகுப்பில் பெரியவர் ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பயிற்சிக் காணொளியைப் பெற்றோரின் கைபேசி வழியாகவே கேளுங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள். வகுப்பு விளம்பரத்துக்குப் பிள்ளைகளின் படத்தைப் போடுவதானால், சேர்க்கைத் தாளில் தனிக் கட்டமாகச் சம்மதம் வாங்குங்கள். 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிள்ளை முன்வரிசையில் நின்றால் அந்தப் படம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

படி 10: சக ஆசிரியர்கள், மூத்த மாணவியர், விடைபெறுகிறவர்கள்

இளைய பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவி வேலை செய்கிறாள். அவளுக்குச் சம்பளம் கொடுங்கள், முடியாவிட்டால் கட்டணத்தையாவது நீக்குங்கள். 'குரு சேவை' என்று கோலம் போடவும் கடைக்குப் போகவும் வைப்பது வேண்டாம். அழைப்பிதழில் நட்டுவாங்கத்திலிருந்து வயலின் வரை எல்லார் பெயரும் வரட்டும். நடன அமைப்பு வேறொருவருடையது என்றால் அதைச் சொல்லுங்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்திலோ பதிவிலோ நிலைநிறுத்தப்பட்ட நடன அமைப்பையும் படைப்பாகவே கருதுகிறது. ஆகவே ஒருவரின் காணொளியைப் பார்த்து அப்படியே எடுத்து உங்கள் பெயரில் மேடையேற்றுவது மரியாதைக் குறைவோடு நின்றுவிடாது.

மாணவி வேறு ஆசிரியரிடம் போக விரும்பினால் பாக்கிக் கட்டணத்தைக் கணக்குத் தீர்த்துவிட்டு அனுப்புங்கள். புதிதாக உங்களிடம் வரும் மாணவியிடம் பழைய ஆசிரியரைப் பற்றி ஏளனமாகப் பேசாதீர்கள். பாணி வேறாக இருக்கும்போது, 'உன் அடவெல்லாம் தப்பு' என்று தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கவைப்பது பெரும்பாலும் இரண்டு வருடக் கட்டணத்துக்கான வழிதான். எது உண்மையில் உடலுக்குக் கெடுதல், எது பாணி வேறுபாடு என்று பிரித்துச் சொல்லுங்கள். வெளியேறும் மாணவிக்கு ஒரு குறிப்புத் தாள் எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்: எந்த அடவுகள் எந்தக் காலம் வரை முடிந்தன, எந்த உருப்படிகள் கற்றாள், முட்டியிலோ கணுக்காலிலோ கவனிக்க வேண்டியது என்ன. அடுத்த ஆசிரியரின் கைபேசி எண் தெரிந்தால் அவரையும் ஒரு முறை அழைத்துப் பேசிவிடலாம்.